சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்மாவுல் ஹுஸ்னா: எங்கே தொடங்குவது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது

ஒரு மீலாது சமயத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். என் மகனுக்கு அப்போது 7 வயது. அஸ்மாவுல் ஹுஸ்னா என்ற அல்லாஹ்வின் அழகிய 99 திருநாமங்களையும் ஒரு இடத்திலும் தடுக்காமல் சொல்லி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிவிட்டான். மூன்று மாதம் தினமும் உட்கார வைத்துச் சொல்லவைத்தது நான்தான், அதனால் அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் நன்னி (பாட்டி) அவனை மடியில் இழுத்து, "யா லத்தீப்னா என்னத்தா அர்த்தம்?" என்று கேட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கபீருக்கு முன்னாடி வரும் நன்னி" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

அதே வீட்டில் என் மகள், அப்போது 4 வயது, குளிக்கும்போது அழ ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று பல நாள் புரியவில்லை. சேட்டை செய்யும்போதெல்லாம் "அல்லாஹ் பார்த்துக்கிட்டே இருக்கான்" என்று நான் அதட்டியதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. அல்-பஸீர், அதாவது பார்ப்பவன், என்ற பெயரைப் பிள்ளைக்கு நான் அறிமுகம் செய்த விதம் அது. நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் மாற்றி முதலிலிருந்து தொடங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் ஹஜ்ரத்தை (பள்ளிவாசல் இமாமை) பாருங்கள், எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் சார்ட் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூற்றுக்கு ஒன்று குறைவு, அவற்றை முறையாக அறிந்தவர் சொர்க்கம் செல்வார் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஹதீஸில் பட்டியல் கிடையாது. நாம் சுவரில் மாட்டும் பட்டியல் திர்மிதி என்ற தொகுப்பின் அறிவிப்பில் வருவது. அந்த வரிசை ஹதீஸை எடுத்துச் சொன்ன அறிவிப்பாளர் சேர்த்தது என்பது ஹதீஸ் அறிஞர்கள் பலரின் கருத்து. இப்னு மாஜா தொகுப்பில் வரும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். இது தெரியாமல் நான் இரண்டு கடையில் இரண்டு சார்ட் வாங்கி, ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையே, எது தப்பு என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். தப்பு எதுவும் இல்லை. அஸ்-ஸபூர் போலச் சில பெயர்கள் பிரபலமான பட்டியலில் இருக்கும், குர்ஆனில் பெயராக வராது. அஷ்-ஷாஃபீ, அல்-ஜமீல், அர்-ரஃபீக் எல்லாம் ஸஹீஹான (ஆதாரபூர்வமான) ஹதீஸில் இருக்கும், சார்ட்டில் இருக்காது.

அதனால் உங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதி) ஹஜ்ரத்திடம் பத்து நிமிடம் கேட்டு, அவர் கைகாட்டும் ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அஸருக்கும் (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) இடையில் மக்தப் (குர்ஆன் ஓதும் வகுப்பு) பிள்ளைகள் கூட்டம் இருக்கும், லுஹர் (நண்பகல் தொழுகை) முடிந்த கையோடு போனால் நின்று பேசுவார். பெண்கள் நேராகப் போக வசதியில்லை என்றால் ஆலிமா (மார்க்கம் படித்த பெண்) யாரையாவது கேளுங்கள். இப்போது மதுரையில் பல மஹல்லாக்களில் பெண்களுக்கு வகுப்பு நடக்கிறது.

2. வாங்க வேண்டியவை, செலவு

அதிகம் இல்லை. கோடு போடாத 100 பக்க நோட்டு ஒன்று, ஸ்கெட்ச் பேனா ஒரு பாக்கெட், சுவரில் ஒட்ட ஒரு தாள். குன்னத்தூர் சத்திரத்தில், புதுமண்டபத்திலிருந்து மாறிவந்த கடைகளில், எனக்கு நோட்டும் பேனாவும் சேர்த்து 90 ரூபாய் ஆனது. தாளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து லேமினேட் செய்ய 40 ரூபாய். தமிழ் மொழிபெயர்ப்போடு குர்ஆன் வீட்டில் இருக்கும்தானே, அதற்குத் தனியாகச் செலவு வேண்டாம்.

நான் வீணாக்கியதையும் சொல்கிறேன். அழுத்தினால் பெயர் சொல்லும் பேட்டரிப் பொம்மைப் புத்தகம் 650 ரூபாய், ஒரே வாரத்தில் மூலைக்குப் போய்விட்டது. போனில் பாட்டாக ஓடும் 99 பெயர்கள் காசில்லாமல் கிடைக்கும், பிள்ளைக்கு ராகம் ஏறும், பெயர் ஏறாது, அடுத்த வீடியோவுக்கு அதுவாகவே தாவிவிடும். மொத்தச் செலவு 150 ரூபாயைத் தாண்டினால் தேவையில்லாதது ஏதோ வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. நேரம்

மஃரிப் தொழுதபின் 10 நிமிடம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஸ்கூல் விட்டு வந்து, ஓதப் போய், வீட்டுப்பாடம் எழுதின பிள்ளைக்கு அதுவே பெரிது. வாரத்துக்கு ஒரே ஒரு பெயர். வெள்ளிக்கிழமை மக்தப் லீவு என்பதால் நாங்கள் அன்று மாலை புதுப் பெயர் சொல்வோம், அடுத்த வெள்ளி வரை அதுவேதான். இந்தக் கணக்கில் வருடத்துக்கு 40 பெயர் வந்தால் போதும். பரீட்சை வாரம், காய்ச்சல், கல்யாண வீடு எல்லாம் போகத்தான் சொல்கிறேன். நோன்பு மாதத்தில் மட்டும் வேகம் தானாகக் கூடும், இஃப்தாருக்கு முன்னால் கஞ்சியை வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருக்கும் அந்த நேரம் மாதிரி பிள்ளைகள் கேட்கத் தயாராக இருக்கும் நேரம் வேறு கிடையாது.

வயது? 4 வயதில் காதில் போடலாம், 6 வயதில் அர்த்தம் கேட்கலாம், 8 வயதுக்கு முன்னால் வரிசையாக மனப்பாடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஹஜ்ரத்மார்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

4. சார்ட்டில் தொடங்காதீர்கள், பிள்ளை ஏற்கெனவே ஓதுவதில் தொடங்குங்கள்

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்குக் குர்ஆனின் அல்ஹம்து சூராவும் (அத்தியாயம்) குல்ஹுவல்லாஹுவும் தெரியும், தொழ நின்றால் பக்கத்தில் நின்று முணுமுணுக்கும். அப்படியானால் அதற்கு ஏற்கெனவே எத்தனை பெயர் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிஸ்மில்லாஹ்விலேயே அல்லாஹ், ரஹ்மான், ரஹீம் என்று மூன்று. அல்ஹம்து சூராவில் ரப், மாலிக். குல்ஹுவல்லாஹுவில் அஹத், ஸமத். ருகூவில் (குனிந்து நிற்கையில்) "ஸுப்ஹான ரப்பியல் அளீம்", அதில் அளீம். சுஜூதில் (நெற்றியைத் தரையில் வைக்கையில்) "ஸுப்ஹான ரப்பியல் அஃலா", அதில் அஃலா. தொழுகை இருப்பில் அத்தஹிய்யாத்துக்குப் பிறகு ஓதும் ஸலவாத் (நபிக்கான வாழ்த்து) "இன்னக்க ஹமீதும் மஜீத்" என்று முடிகிறது, அதில் இரண்டு. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் "அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம்" என்கிறோமே, அதில் ஸலாம். மொத்தம் 12 ஆகிவிட்டது. தூங்கும்முன் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் ஓதும் பிள்ளையாக இருந்தால் ஹய்யு, கய்யூம், அலிய்யு சேர்த்து 15.

ஒரு மாலை முழுக்க நானும் மகனும் இப்படி எண்ணினோம். "இது எனக்குத் தெரியும்மா, இதும் தெரியும்மா" என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தான். மனப்பாடம் செய்த மூன்று மாதத்தில் பார்க்காத சந்தோஷத்தை அன்றுதான் அவன் முகத்தில் பார்த்தேன். இந்தப் 12-இல் ரப், அஃலா போன்றவை சார்ட்டில் இல்லையே என்று கேட்டால் முதல் படியைத் திரும்பப் படியுங்கள்.

அடுத்து, கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஹஷ்ர் சூராவின் கடைசி மூன்று ஆயத்துகள் (வசனங்கள்), 59:22 முதல் 24 வரை. பிரபலமான பட்டியலின் முதல் 13 பெயர்கள், ரஹ்மானில் தொடங்கி முஸவ்விர் வரை, அங்கே அதே வரிசையில் வருகின்றன. தனியாகப் பட்டியல் படிப்பதற்குப் பதில் மூன்று ஆயத்து ஓதினால் குர்ஆனும் மனதில் நிற்கும், பெயரும் நிற்கும்.

5. தமிழ் எழுத்தை நம்பி உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்காதீர்கள்

தமிழில் எழுதினால் இரண்டு வேறு பெயர்கள் ஒன்றாகிவிடும். பிரபலமான பட்டியலில் 31-வதாக வரும் கபீர் நுட்பமாக அறிந்தவன், அது அரபியில் தொண்டையிலிருந்து வரும் ஃகா எழுத்தில் தொடங்கும். 37-வதாக வரும் கபீர் பெரியவன், அது சாதாரண காஃப். அலீம் இன்னும் சிக்கல். ஐன் எழுத்தில் தொடங்கினால் எல்லாம் அறிந்தவன். அலிஃபில் தொடங்கினால் வேதனை தருவது என்று ஆகிவிடும், "அதாபுன் அலீம்" என்று குர்ஆனில் வருகிறதே, அந்தச் சொல். படைப்பவன் என்ற காலிக்கை, கனமான ஃகாவை விட்டுவிட்டு மெல்ல ஹாலிக் என்று சொன்னால் முடி மழிப்பவன் என்ற பொருளுக்குப் போய்விடும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாலும் இதே கதைதான்.

ஆனால் 5 வயதுப் பிள்ளையை இதற்காகத் திட்டாதீர்கள். வாய் பழகும். மக்தபில் எழுத்துகளின் மஃக்ரஜ் (ஒலி பிறக்கும் இடம்) சொல்லித்தரும்வரை நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும், உங்களுக்கே சந்தேகம் என்றால் ஹஜ்ரத் ஓதுவதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அழைக்கும்போது முன்னால் இருக்கும் அல் போய்விடும். யா ரஹ்மான், யா கரீம், யா லத்தீஃப். "யா அர்ரஹ்மான்" இல்லை. யா அல்லாஹ் மட்டும் அப்படியே நிற்கும்.

6. ஒரு பெயருக்கு ஒரு தேவை

"அல்லாஹ்வுக்கு அழகிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்" என்று குர்ஆன் 7:180-இல் வருகிறது. அழையுங்கள் என்பதுதான் அங்கே கட்டளை. நான் மகனுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தேன், அழைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது வீட்டில் என்ன நடக்கிறதோ அதிலிருந்துதான் பெயர் எடுக்கிறேன்.

போன டிசம்பரில் இரண்டு பேருக்கும் காய்ச்சல், நான்கு நாள் விடவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் ஓதிய துஆ (வேண்டுதல்) இருக்கிறது, "அல்லாஹும்ம ரப்பன்னாஸ், அத்ஹிபில் பஃஸ், இஷ்ஃபி அன்தஷ் ஷாஃபீ". மனிதர்களின் ரப்பே, இந்தக் கஷ்டத்தைப் போக்கு, குணமாக்கு, நீயே குணமாக்குபவன். நெற்றியில் கைவைத்து ஓதிவிட்டு, மருந்து கொடுக்கிறது டாக்டர், குணம் கொடுக்கிறது ஷாஃபீ என்று மட்டும் சொன்னேன். மருந்தையும் நேரத்துக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து நன்னிக்கு முட்டி வலி என்றதும் மகள் ஓடிப்போய்க் கைவைத்து "யா ஷாஃபீ" என்றாள்.

பொருள் எதையாவது உடைத்துவிட்டுப் பயந்து நிற்கிற பிள்ளைக்கு கஃபூர், மன்னிப்பவன். அதற்கு நீங்களும் அந்த நேரத்தில் மன்னிக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல் ஒட்டாது. மாட்டுத்தாவணிக்குக் காய் வாங்கப் போகும்போது ரஸ்ஸாக், உணவளிப்பவன்: இந்தக் கத்திரிக்காய் யார் தோட்டத்தில் முளைத்தது, மழை யார் தந்தது, வண்டியில் ஏற்றி வந்த அண்ணனுக்கு இன்றைக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று ஒரு கத்திரிக்காயை வைத்தே வீடு வரை பேசிக்கொண்டு வரலாம். முஸவ்விருக்கு (உருவம் தருபவன்), அண்ணன் தங்கச்சி இருவரையும் கண்ணாடி முன் நிறுத்தினேன், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு முகமும் வேறு வேறு.

ரஹ்மானுக்கு (அருளாளன்) மேலூர்ப் பக்கம் என் சித்தி வீட்டில் ஆடு குட்டி போட்டிருந்த நேரம் வாய்த்தது. அல்லாஹ் அருளை நூறு பங்காக்கி அதில் ஒன்றை மட்டும் பூமிக்கு இறக்கினான், அந்த ஒரு பங்கால்தான் ஒரு பிராணி தன் குட்டியை மிதித்துவிடாமல் குளம்பைத் தூக்கிக்கொள்கிறது என்று புகாரியில் ஹதீஸ் உண்டு. தாய் ஆடு காலை எடுத்து வைப்பதைக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான் மகன். "அப்ப மிச்சம் 99 அல்லாஹ்கிட்டேயே இருக்காம்மா?" என்று கேட்டான். அந்த ஹதீஸும் அதைத்தான் சொல்கிறது.

சில பெயர்களைச் சின்னப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லவேண்டாம். காபிள்–பாஸித், முஇஸ்–முதில், ளார்–நாஃபிஃ போன்றவை ஜோடிப் பெயர்கள், சுருக்குபவன்–விரிப்பவன், கண்ணியம் தருபவன்–இழிவு தருபவன், தீங்கு தருபவன்–நன்மை தருபவன் என்று சேர்த்தே சொல்லவேண்டும் என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வார்கள். கஹ்ஹார் (அடக்கி ஆள்பவன்), முன்தகிம் (பழிவாங்குபவன்) எல்லாம் பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

அல்-பஸீர் விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். மகளிடம் அதை மாற்ற எனக்கு ஆறு மாதம் பிடித்தது. கரண்ட் போன ராத்திரி, ஸ்கூல் வேனில் முதல்நாள், இப்படிப் பயந்த இடத்தில் எல்லாம் "அம்மாவுக்கு உன்னைத் தெரியலைன்னாலும் அல்லாஹ் உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கான்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பயம் போனது. முன்பு அதட்டிய அதே வாக்கியம்தான்.

7. கட்டாயம் வரும் மூன்று கேள்விகள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்

"99 அல்லாஹ் இருக்காங்களா?" என் மகன் ஸ்கூலில் கூட்டாளியிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான். நான் சொன்னது: நீ அப்பாவை 'அத்தா'ன்னு கூப்பிடுறே, நன்னி மாப்பிள்ளைங்கிறாங்க, கடையில பாய்ங்கிறாங்க, எத்தனை அத்தா இருக்காங்க? ஒருத்தர்தான். உதாரணம் பெயருக்கு மட்டும்தான், அல்லாஹ் அத்தா மாதிரி இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

"பார்க்கிறான்னா கண்ணு இருக்கா, எப்படி இருக்கும்?" இதற்கு உங்கள் கற்பனையில் எதுவும் சொல்லாதீர்கள், படம் வரைந்து காட்டவே கூடாது. 42:11-இல் ஒரே ஆயத்தில் பதில் இருக்கிறது: அவனைப் போல எதுவும் இல்லை, அவன் கேட்பவன், பார்ப்பவன். அதை அப்படியே சொல்லி நிறுத்துங்கள். பிள்ளைகள் இதை நாம் நினைப்பதைவிட லேசாக ஏற்றுக்கொள்வார்கள்.

"டீச்சரை அவங்கன்னு சொல்லணும், அல்லாஹ்வை மட்டும் ஏன் அவன்?" இதற்கு நான் உண்மையிலேயே திணறிப்போனேன். தமிழில் அவர், அவங்க என்பதெல்லாம் பலரைச் சொல்லும் சொல்லை மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்வது. அல்லாஹ் ஒருவன், பலர் இல்லை, அதனால் ஒருமையிலேயே சொல்கிறோம் என்று சொன்னபோது மகன் தலையாட்டினான்.

8. வீட்டில் இருக்கும் பெயர்கள், அப்புறம் பிறப்புச் சான்றிதழ்

சொந்தக்காரர்கள் பெயரை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்துல் காதர், அப்துல் கரீம், அப்துல் அஜீஸ், அப்துல் சமது, அப்துல் லத்தீப். ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு பாடம்தான். அப்து என்றால் அடிமை, காதிர் என்றால் ஆற்றலுள்ளவன், ஆற்றலுள்ளவனின் அடிமை. இது புரிந்த நாளிலிருந்து என் பிள்ளைகள் மாமாவைப் பாதிப் பெயரில் கூப்பிடுவதில்லை. ரஹ்மான் என்ற பெயர் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பதால் அப்துர் ரஹ்மானை வெறும் ரஹ்மான் என்று அழைப்பதையும் விட்டுவிட்டோம்.

வீட்டில் புதுக் குழந்தை வரப்போகிறது, இப்படிப் பெயர் வைக்கப்போகிறீர்கள் என்றால் சான்றிதழில் பெயரை உடைக்காமல் ஒரே சொல்லாக எழுதச் சொல்லுங்கள். உடைத்தால் ஸ்கூல் வருகைப் பதிவேட்டில் பிள்ளை "அப்துல்" ஆகிவிடும், "உடைய அடிமை" என்று பாதியில் தொங்கும். பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் பதிந்தால் கட்டணம் கிடையாது, அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஆதார் எடுப்பதற்கு முன்னால் எழுத்தைச் சரிபாருங்கள், பின்னால் ஒவ்வொன்றாக மாற்ற அலைவது பெரிய பாடு.

9. மக்தபில் சேர்த்தால்

எங்கள் பள்ளிவாசலில் ஆதார் நகல், 2 போட்டோ, சேர்க்கை 100 ரூபாய், மாதம் 150 ரூபாய். உங்கள் மஹல்லாவில் வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது ஹஜ்ரத்திடம், வீட்டில் இந்தப் பட்டியலில், இந்த வேகத்தில் போகிறோம் என்று சொல்லி நோட்டைக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே ஒரு வரிசை, வீட்டில் ஒரு வரிசை என்று பிள்ளை திண்டாடும். கோடை லீவு தீனியாத் (மார்க்கக் கல்வி) வகுப்பில் 99-ஐயும் ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள், அர்த்தம் தெரிந்த பிள்ளைக்கு அப்போது அது நல்லதுதான்.

10. பெயர் எழுதிய தாள்கள்

அட்டை வெட்டி விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நானும் 99 அட்டை எழுதினேன். மறுநாள் கட்டிலுக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எங்கு பார்த்தாலும் அல்லாஹ்வின் பெயர். அழுதேவிட்டேன். அட்டை வேண்டும் என்றால் தமிழில் பொருளை மட்டும் எழுதுங்கள், "மன்னிப்பவன்", "உணவளிப்பவன்" என்று. அதையும் காலடியில் படவிடாமல் ஒரு டப்பாவில் எடுத்துவையுங்கள். பெயரைப் பிள்ளை வாயால் சொல்லட்டும். அரபியில் எழுதியது நோட்டிலும் சுவர்த் தாளிலும் மட்டும் இருக்கட்டும், தாளைக் கால் நீட்டும் பக்கம் ஒட்டாதீர்கள், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

கிழிந்த பக்கங்களைக் குப்பை வண்டியில் போடக்கூடாது. நான் ஒரு துணிப்பையில் சேர்த்துவைத்து, நோன்புக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பள்ளிவாசலில் கொடுத்துவிடுகிறேன், பழைய குர்ஆன் தாள்களோடு சேர்த்து யாரும் மிதிக்காத இடத்தில் புதைத்துவிடுவார்கள். இந்த வருடம் பையை மகளே தூக்கிக்கொண்டு வந்தாள், வழி முழுக்க இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.